முத்தாபுதுப்பேட்டையின் இரண்டு குரல்கள்

மலேசியாவின் கிள்ளானில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். வேலை இல்லாத ஞாயிறுகளில் எங்கள் வரிசை வீட்டிலேயே ஒரு முழுநீளப் படமும் எடுத்து முடித்தேன். அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் ஒரே சமையலறையில், ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஓர் ஆண்டைக் கழிக்கும் கதை. வசனம் ஏறக்குறையக் கிடையாது. "இதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்ட விநியோகஸ்தர்களிடம் நான் வாதாடவில்லை. பார்ப்பவர்களை நானே தேடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தேடிய வழி எளியது. வாரம் ஒரு முறை படத்திலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டி என் பக்கத்தில் போடுவேன். யார் என்ன எழுதினாலும், வெறுமனே கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டாலும், பதில் எழுதுவேன். முதலில் பார்த்தவர்கள் என் சித்தி பிள்ளைகளும் நான் படம்பிடித்த மணப்பெண்களும்தான். பிறகு ஒரு வாரம், பார்ப்பவர்களின் ஊர்ப் பட்டியலில் கிள்ளானைத் தள்ளிவிட்டு ஆவடி மேலே வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே அம்பத்தூர், அதற்கும் கீழே பூந்தமல்லி. அந்த ஊர்களில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. ஆவடியில் சித்ரா என்ற பெண் என் காட்சித் துண்டு ஒன்றை எடுத்து, மூத்தவள் முறைக்கும் இடத்தில் தன் குரலை ஏற்றியிருந்தாள். "இன்னாடி, உப்பு டப்பாவையும் மாடிக்குத் தூக்கிகினு போவப் போறியா?" மறுநாள் தேவகி என்ற இன்னொருத்தி தன்னுடைய பக்கத்தில் அதே காட்சியில் இளையவளுக்குக் குரல் கொடுத்துப் பதில் சொல்லியிருந்தாள். "உப்பு போடத் தெரிஞ்சவங்களுக்குத்தானே டப்பா வேணும்?" இப்படியே வாரா வாரம். நான் ஒரு நிமிடம் போட்டால் போதும், ஆவடியிலிருந்து ஒரு கேள்வியும் ஒரு பதிலும் வந்துவிடும்.

அனுமதி கேட்காமல் எடுத்துவிட்டார்களே என்று கோபம் வந்தது. மாலைக்குள் போய்விட்டது. அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் அப்படியே என் பக்கத்துக்கு வந்து, பேச்சில்லாத மூலக் காட்சியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்களுக்கும் எழுதினேன். தொடருங்கள், என் பெயரை மட்டும் போடுங்கள் என்றேன். இருவரும் தனித்தனியே "ஓகேக்கா" என்று பதில் அனுப்பினார்கள். நெருங்கிய தோழிகள், சேர்ந்து உட்கார்ந்து செய்கிறார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அம்பத்தூரில் ஒரு சிறிய திரையிடல் குழுவை நடத்தும் முகிலன் என்பவர் அதற்குப் பிறகு எழுதினார். முழுப் படத்தையும் எடுத்து வாருங்கள், இரண்டு அக்காக்களும் மேடையோரம் நின்று நேரடியாகக் குரல் கொடுக்கட்டும் என்றார். சித்ராவைக் கேட்டேன், சம்மதித்தாள். தேவகியைக் கேட்டேன், அவளும் சம்மதித்தாள். கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை முகிலனின் அடுக்ககத்தில் கண் விழித்தேன். முகிலனும் மனைவி பார்வதியும் திருநெல்வேலிக்காரர்கள். இருவருக்கும் மென்பொருள் வேலை. காலையிலேயே சொதி வைத்து அசத்திவிட்டார் பார்வதி. கீழே இறங்கும்போது வாசலில் இருந்த காவலாளியிடம், எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். அவர் குழம்பிப்போய், "யாருக்கும்மா?" என்றார். பிறகு புரிந்துகொண்டு, "ஓ, நாஷ்டாவா? அதெல்லாம் துன்னாச்சு" என்று சிரித்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்குள் காலை உணவு பெயரை மாற்றிக்கொண்டுவிடுகிறது.

தேநீரும் அப்படித்தான். கிள்ளானில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தே தாரிக் கேட்டால் பெரிய கண்ணாடிக் கோப்பையில் நுரையோடு வரும், அதை வைத்துக்கொண்டு ஒரு கால்பந்தாட்டத்தையே பார்த்து முடிக்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கடையில் மூன்றே மடக்கு. ஆனால் அந்த மூன்று மடக்கில் இருந்த இஞ்சிக்கு நான் மூன்று முறை வரிசையில் நின்றேன்.

அங்கேதான் என் படத்தை முதன்முதலாக அந்நியர் கையில் பார்த்தேன். ஷிஃப்டு முடிந்த வடநாட்டுத் தொழிலாளர் இருவர் ஒரே கைப்பேசியில் குனிந்திருந்தார்கள். திரையில் என் சமையலறை, அதில் சித்ராவின் குரல். ஒருவர் இந்தியில் ஏதோ சொல்ல, மற்றவர் தேநீர் சிந்தச் சிரித்தார். புனேயில் வேலை பார்த்த முகிலன் மொழிபெயர்த்தார். "பேச்சு ஒன்றும் புரியவில்லை, ஆனால் என் அண்ணி இப்படியேதான் முறைப்பாள் என்கிறார்."

வசனத்தை எழுதியிருந்தால் அந்த மனிதரை நான் இழந்திருப்பேன். என் படத்தைப் பற்றி எனக்கிருந்த நம்பிக்கை அந்தத் தேநீர்க் கடையில் இரட்டிப்பானது.

வெள்ளிக்கிழமை சித்ராவைப் பார்க்கக் கிளம்பினேன். வீடு முத்தாபுதுப்பேட்டை, ஆவடி நிலையத்தில் இறங்கினால் வந்து அழைத்துப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள். அம்பத்தூரில் ரயில் ஏறினேன். எங்கள் ஊர் ரயிலில் கதவு மூடிக்கொள்ளும், குளிரூட்டி உறுமும், யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். இங்கே மகளிர் பெட்டியில் ஏறிய கணமே ஒரு பெண் தன் பையை என் மடியில் வைத்துவிட்டு மல்லிப்பூ விற்பவளிடம் பேரம் பேசப் போய்விட்டாள். நான் அந்தப் பையைக் காத்துக்கொண்டு, சனிக்கிழமைத் திரையிடலைப் பற்றி வந்திருந்த கேள்விகளுக்குக் கைப்பேசியில் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைக் கூட்டி வரலாமா, இடம் எங்கே, உட்கார நாற்காலி உண்டா. நிமிர்ந்து பார்த்தபோது ஆவடி எப்போதோ போய்விட்டிருந்தது. பையைச் சொந்தக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கிய இடம் நெமிலிச்சேரி.

தொலைபேசியில் சித்ரா சிரித்தாள். "அங்கியே நில்லுக்கா, எங்கியும் நவுராத. வந்துகினே கீறேன்."

நிலையத்துக்கு வெளியே காத்திருந்தபோது, வழியை மறித்து நின்ற ஆட்டோவைப் பார்த்து ஒரு பெண் சத்தம் போடுவது கேட்டது. "அண்ணாத்தே, ரோட்டுல வண்டிய வுட்டுட்டு இன்னா, பொண்ணு பாக்க வந்துகிறியா?" முகத்தைப் பார்க்கும் முன்பே ஆளைத் தெரிந்துகொண்டேன். மாதக்கணக்கில் என் கதாநாயகியின் வாயிலிருந்து கேட்ட குரல் அல்லவா.

சித்ரா ஆவடியில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வேண்டாம் என்று எழுந்தவர்களையும் உட்கார வைத்து இன்னொரு சேலையை விரித்துக் காட்டும் வாய். அவள் கணவனுடைய பாட்டன் காலத்தில் அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டது. இப்போது கணவனுக்கும் அவன் தம்பிக்கும் தொழிற்சாலை வேலை, சொந்த வீடு. ஸ்கூட்டரில் போகும்போதே இதையெல்லாம் சொல்லிவிட்டாள்.

"தேவகி வீடு எங்கே? அவரையும் பார்த்துவிடலாமே" என்றேன்.

"மேல" என்றாள்.

"மேலேயா?"

"எங்க ஊட்டு மாடிலக்கா. என் கொழுந்தன் பொண்டாட்டி."

நான் மகிழ்ந்துபோய், "அப்படியென்றால் சேர்ந்தேதான் செய்கிறீர்களா?" என்றேன்.

"சேர்ந்தா? அவகிட்ட பேசி ஒரு வருசம் ஆவப் போவுதுக்கா."

வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகு முழுக்கதையும் வந்தது. இரண்டு குடும்பமும் ஒரே உலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவை. மாடி கட்டி முடிந்ததும் தம்பி குடும்பம் மேலே போனது. போன அன்று, இருவரும் சேர்ந்து வாங்கிய கிரைண்டரைத் தேவகி ஒரு வார்த்தையும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சித்ராவும் கேட்கவில்லை. ஞாயிறு மாலைகளில் தலைக்கு மேலே அது உருளும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நாட்களில்தான் என் படத்தின் ஒரு நிமிடம் அவள் கைப்பேசிக்கு வந்திருக்கிறது.

"யாரோ மலேசியாவுல எங்க ஊட்ட எட்டிப் பாத்து எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்க்கா. ஆத்தாமையில நாலு வார்த்த பேசிப் போட்டேன். அவ பாக்கணும்னுதான் போட்டேன். பாத்துட்டா."

"இருவரும் சேர்ந்து மேடையில் நிற்க வேண்டுமே. ஏன் சம்மதித்தாய்?"

"அவ வரமாட்டான்னு நெனச்சி ஒத்துக்கினேன்."

நான் மாடியேறினேன். தேவகி கார்களுக்கு ஒயரிங் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். அப்போதுதான் ஷிஃப்டு முடிந்து வந்திருந்தாள். ஒல்லியான உருவம், அளந்து வைத்த பேச்சு. எனக்கு மோர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சித்ராவின் முதல் பதிவை எப்போது பார்த்தாய் என்று கேட்டேன்.

"கம்பெனி பஸ்ஸுலக்கா. பக்கத்துல கீற பொண்ணு காட்டிச்சு. பஸ்ஸே சிரிக்குது. எனக்கு மட்டும்தான் தெரியும், அது யாரச் சொல்றாங்கன்னு. நானும் சிரிச்சேன், இன்னா பண்றது." தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "நேர்ல பதில் சொல்லிருந்தா ஊட்ல அண்ணன் தம்பி சண்டையாயிருக்கும். இதுல சொன்னா லைக்கு உழுது."

"நாளைக்கு வருவாய்தானே?"

"ஷிஃப்டு கீது. பாக்கலாம்க்கா."

"நான் பஞ்சாயத்து பண்ண வரவில்லை, தேவகி. படம் போட வந்திருக்கிறேன். உனக்கு ஒரு மைக் வைப்பேன். நீ வந்தால் பேசு. வராவிட்டாலும் அது உன்னுடைய இடத்தில்தான் இருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாவா, இல்லையா என்று தெரியவில்லை. கீழே இறங்கி வந்தால், "இன்னா சொன்னா?" என்று சித்ரா கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காக இரண்டு முறை அடுப்பைத் துடைத்தாள்.

சனிக்கிழமைத் திரையிடல் சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையோரம் ஓர் உணவகத்துக்கு மேலே இருந்த சின்ன விழாக்கூடத்தில். சித்ராவும் நானும் ஆட்டோவில் கிளம்பினோம். பூந்தமல்லி நெருங்கும்போது ஒரு தண்ணீர் லாரி பழுதாகிச் சாலையின் குறுக்கே நின்றுவிட்டது. ஆட்டோவை அணைத்துவிட்டு ஓட்டுநர் கீழே இறங்கி நின்றுகொண்டார். எங்கள் ஊரில் இப்படி நெரிசல் வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்போம். இங்கே எல்லோரும் இறங்கி யோசனை சொன்னார்கள். அந்த யோசனைகளாலேயே இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. நான் அங்கிருந்தபடியே முகத்தைக் காட்டி நேரலையில் பேசினேன். "வந்துகொண்டிருக்கிறோம், முன்னால் வந்தவர்கள் நாற்காலிகளைப் போட்டு வையுங்கள்" என்றேன்.

போய்ச் சேர்ந்தபோது உண்மையாகவே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. முகிலன் போட்டவை அல்ல. பட்டாபிராமிலிருந்து வந்த நான்கு பெண்களும், ஐடி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்த இளைஞர்களும் போட்டவை. ஒருவர் தன் வீட்டுப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து ஜன்னலை மறைத்திருந்தார். அவர்களில் ஒருவரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்துப் பெயரைச் சொன்னதும் யார் என்ன எழுதினார்கள் என்று எனக்கு நினைவு வந்தது. கைகூப்பும் பொம்மை மட்டும் அனுப்புகிறவர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். நேரிலும் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

திரைக்கு இரு பக்கமும் இரண்டு மைக். சித்ரா இடது பக்கம் நின்றாள். வலது பக்கம் ஆளில்லை. காத்துப் பார்த்துவிட்டுப் படத்தைத் தொடங்கினேன்.

முதல் காட்சியிலேயே சித்ரா உப்பு டப்பா வசனத்தைச் சொன்னாள். கூடம் அதிர்ந்தது. இளையவள் திரும்பிப் பார்க்கும் இடம் வந்தது. பதில் இல்லை. மூத்தவள் அரிசி களைந்தாள், சித்ரா இன்னொன்று கேட்டாள். பதில் இல்லை. "இன்னோரு அக்கா எங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. முகிலன் குனிந்து வந்து சித்ராவின் காதில், "ரெண்டு பேருக்கும் நீங்களே பேசிடுங்களேன். உங்களால முடியும்" என்றார்.

சித்ரா மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள். "அவ கொரல்ல நான் பேச மாட்டேன் சார்."

படம் ஓடியது. ஒருத்தி பேசப் பேச, மற்றவள் திரையில் வாய் திறக்காமல் காய் நறுக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு குறைந்தது. கடைசியில் நின்றே போனது. யாரும் எழுந்து போகவில்லை. முன்னைவிடக் கூர்மையாகப் பார்த்தார்கள். மடிக்கணினியில் ஒலியளவுக்கு அருகே விரலை வைத்துக்கொண்டு நான் பக்கவாட்டிலிருந்து அந்த முகங்களைப் பார்த்தேன். என் படம் தன் காலில் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. துணை இருந்தாலும் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும்.

இளையவள் பின்வாசலில் தனியாக நிற்கும் காட்சி வந்தது. வலது பக்க மைக்கிலிருந்து ஒரு குரல்.

"கேட்டுகினுதான் கீறேன். அப்பலேந்து வாசல்லயே நின்னுகினு."

தொழிற்சாலை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தேவகி நின்றாள். கூடம் கைதட்டியது. சித்ரா அவள் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வாசல்ல இன்னா வேல? உள்ள வர வேண்டியதுதானே?"

"கூப்ட்டாத்தானே வர்றது."

சிரிப்பு எழுந்தது. அடுத்த காட்சியில் இளையவள் பாத்திரங்களை மூட்டை கட்டினாள். தேவகி சொன்னாள், "கிரைண்டரத் தூக்குனப்போ நீ தடுப்பேன்னு பாத்தேன். எங்கடி எடுத்துகினு போறன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அங்கியே வச்சிட்டிருப்பேன்."

இது எந்தப் பதிவிலும் வராத பேச்சு. சிரிப்பதற்கு வாய் திறந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

சித்ராவின் குரல் தணிந்துவிட்டது. "எனக்கு எதுக்குடி கிரைண்டரு? பத்து வருசம் ஒரு அடுப்புல நின்னோம். போறேன்க்கான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

"சொல்ல வந்தேன். நீ மூஞ்சத் திருப்பிகினு துணி மடிச்சிகினு இருந்த."

"அழுதுகினு இருந்தேன்டி. அத உன்கிட்ட காட்டச் சொல்றியா?"

திரையில் மூத்தவளுக்குக் காய்ச்சல். இளையவள் ஒரு குவளை வெந்நீரைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போகிறாள். மூத்தவள் எழுந்து குடிக்கிறாள். அதுதான் முடிவு. மைக்குகளின் ஒலியைக் குறைக்கலாமா என்று என் விரல் போனது. தேவை இருக்கவில்லை. இருவரும் முன்பே மைக்கை இறக்கிவிட்டார்கள். நான் எடுத்தது எடுத்தபடி, பேச்சில்லாமல் முடிந்தது படம்.

விளக்குப் போட்டதும் கேள்விகள் வந்தன. இது ஒத்திகை பார்த்ததா என்று ஓர் இளைஞர் கேட்டார். இவ்வளவு நல்ல வசனம் எனக்கு எழுத வராது என்றேன். பட்டாபிராம் பெண்கள் தங்கள் சுயஉதவிக் குழுவுக்குப் படத்தைப் போட வேண்டும் என்று நாள் கேட்டார்கள். அம்பத்தூரில் ஒலிப்பதிவு செய்யும் ஒருவர், அடுத்த படத்துக்குத் தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டே போனார். விநியோகஸ்தர்கள் கேட்ட கேள்விக்கு, பெயரோடும் ஊரோடும் எனக்கு இப்போது பதில் இருக்கிறது.

முகிலன் முழு நிகழ்ச்சியையும் படம் பிடித்திருந்தார். அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் போட்டால் ஊரே பார்க்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படி இறங்கும்போது சித்ரா என் கையைப் பிடித்தாள்.

"அத்த மட்டும் போட்டுடாதீங்கக்கா. அது படத்துக்குப் பேசினது இல்ல."

"போடமாட்டோம்" என்றேன். முகிலன் என் எதிரிலேயே அந்தப் பகுதியை அழித்தார். எதைப் போடாமல் இருக்க வேண்டும் என்பதும் இந்தத் தொழிலில் பாதி வேலை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்ரா வீட்டில் எனக்குச் சாப்பாடு. கானாங்கெளுத்தி மீன் குழம்பு. எங்கள் ஊரிலும் அதே மீன் உண்டு, மசாலா தடவிப் பொரித்து, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றோடு தின்போம். இந்தப் புளிக்கு முன்னால் அது நிற்காது. பாதிச் சாப்பாட்டில் தேவகி ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் பொரியலோடு இறங்கி வந்தாள். "அக்காவுக்கு" என்று சொல்லி என் பக்கத்தில் வைத்தாள். எந்த அக்காவுக்கு என்று அவள் சொல்லவில்லை. சித்ரா தன் தட்டில் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இருவருக்குள் பேச்சு இன்னும் இல்லை. இருவருமே என்னிடம்தான் பேசினார்கள்.

எனக்கு விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டு வந்து, நேற்றிலிருந்து மனதில் இருந்ததைக் கேட்டேன். கிள்ளானில் ஒரு சமூக மண்டபத்தில் படத்தைப் போடப் போகிறேன், குரல் கொடுக்க நீங்கள் வரவேண்டும், வருவீர்களா?

சித்ரா தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள், "அவ வந்தா நான் வரேன்க்கா. தனியா ஏரோப்ளேன்ல குந்திகினு நான் யார்கூட சண்ட போடறது?"

கதவருகே நின்றிருந்த தேவகி என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சித்ராவைப் பார்த்தாள்.

"ஜன்னல் சீட்டு எனக்கு."

"போடி" என்றாள் சித்ரா.